எண்ண வேண்டிய எழுத்தும் சாய வேண்டிய எழுத்தும்

1961-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் 'செலக்ட்ரிக்' என்னும் மின் தட்டச்சுப்பொறியை வெளியிட்டது. அதுவரை புழக்கத்தில் இருந்த பொறிகளில் எழுத்தைத் தாங்கிய இரும்புக் கைகள் எழுந்து தாளை அடிக்கும். செலக்ட்ரிக்கில் அந்தக் கைகள் இல்லை. கோல்ஃப் பந்தின் அளவுள்ள ஓர் உருண்டை, தன் மேற்பரப்பில் 88 எழுத்துருவங்களைத் தாங்கிச் சுழன்று அடித்தது. அந்த உருண்டையைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் எழுத்தின் தோற்றமே மாறிவிடும். அவ்வாறு மாட்டத்தக்க உருண்டைகளுள் ஒன்றின் பெயர் 'லைட் இட்டாலிக்'. மெலிந்த கோடு, வலப்புறச் சாய்வு, எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் ஆகிய மூன்றும் அதில் கூடியிருந்தன. ஓர் அங்குலத்துக்குப் பன்னிரண்டு எழுத்துகள் என்பது அதன் கணக்கு.

இந்தச் செய்திக்கும் தமிழ் இலக்கியம் படிப்பவர்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மெலிவு, சாய்வு, சம அகலம் என்னும் இம்மூன்று பண்புகளையும் தமிழ் எழுத்தின்மேல் வைத்துப் பார்க்கும்போது மூன்று பழைய கேள்விகள் எழுகின்றன. எழுத்து என்பது எது? எழுத்தைச் சாய்ப்பது எதற்கு? கோடு எவ்வளவு மெலியலாம்? இவற்றுக்கு இதுவரை நாம் வைத்திருக்கும் விடைகள் பெரும்பாலும் இரவல் விடைகள். அதனால் நேரும் இழப்பு எழுத்துரு வடிவமைப்பாளரோடு நிற்பதில்லை. யாப்புக் கற்கும் மாணவருக்கும், சுவடியைப் பதிப்பிப்பவருக்கும், திரையில் தமிழைப் படிப்பவருக்கும் அது சேர்ந்தே நேர்கிறது என்பது நம் கருத்து.

முதலில் சம அகலத்தைப் பார்ப்போம். தட்டச்சுப்பொறியில் ஒரு விசையை அழுத்தினால் தாளைத் தாங்கிய வண்டி ஒரே ஓர் அடி நகர்கிறது. வந்தது ஒல்லியான எழுத்தா, பருத்த எழுத்தா என்பது பொறிக்குத் தெரியாது. ஆகவே ரோமன் எழுத்தில் 'ஐ' போன்ற ஒல்லி எழுத்துக்குக் கீழே நீண்ட அடிக்கட்டை போட்டு அகலமாக்கினார்கள். 'எம்' போன்ற பருத்த எழுத்தை நெருக்கினார்கள். 1950-களில் ஹோவர்ட் கெட்லர் ஐ.பி.எம்.முக்காக வரைந்த 'கூரியர்' எழுத்துரு இந்தச் சமரசத்தின் புகழ்பெற்ற வடிவம். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் ஆவணங்களுக்குக் 'கூரியர் நியூ'வைப் பயன்படுத்திவந்து 2004-இல்தான் கைவிட்டது. ஹாலிவுட்டில் திரைக்கதைகள் இன்றும் கூரியரில்தான் எழுதப்படுகின்றன. ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடப் படம் என்பது அங்குள்ளோர் கைக்கணக்கு. எழுத்தின் அகலம் மாறாததால்தான் பக்கம் ஓர் அளவுகோலாக முடிகிறது.

சாய்வின் வரலாறு இன்னும் பழையது. 1501-இல் வெனிஸ் நகரத்து அச்சகத்தார் ஆல்டஸ் மனுடியஸ், பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய சாய்ந்த எழுத்தில் வெர்ஜில் நூலை வெளியிட்டார். நூல் முழுவதும் அந்த எழுத்தில்தான் இருந்தது. பெரிய எழுத்துகள் மட்டும் நிமிர்ந்து நின்றன. அது நிமிர்ந்த எழுத்தை வளைத்துச் செய்தது அன்று. அக்கால அறிஞர்கள் விரைந்து எழுதிய கையெழுத்தின் அச்சு வடிவம் அது. ஒடுக்கமானதாகையால் சிறு நூலில் அடங்கியது. நூற்பெயருக்கும் அழுத்தத்துக்கும் அயற்சொல்லுக்கும் சாய்வெழுத்து என்ற வழக்கம் பின்னாளில் வந்து சேர்ந்தது. ஆக, சாய்வெழுத்தின் உயிர் கையெழுத்தில் இருக்கிறது. சாய்வு அதன் புறக்குறி மட்டுமே.

ஐ.பி.எம். உருண்டை இவ்விரண்டு மரபுகளையும் இணைத்தது. தனிக் கடிதத்துக்கும், அலுவலக ஆவணத்தில் மேற்கோளை வேறுபடுத்திக் காட்டவும் அது உதவியது. இன்று அதன் வாரிசுகள் நிரல் எழுதுவோர் திரையில் வாழ்கின்றன. 2016-இல் வந்த 'ஆபரேட்டர் மோனோ', 2017-இல் வந்த 'ஐ.பி.எம். பிளெக்ஸ் மோனோ' போன்றவற்றில் மெலிந்த சாய்வு உண்டு. நிரலில் கணினி செயல்படுத்த வேண்டிய வரிகள் நிமிர்ந்திருக்கும். மனிதருக்காக எழுதிய விளக்கக் குறிப்புகள் மெலிந்து சாய்ந்திருக்கும். ஒரே பக்கத்தில் இரண்டு குரல்கள். மூலமும் உரையும் என்று சொன்னால் நமக்கு உடனே விளங்கிவிடும்.

* * *

தமிழுக்கு வருவோம். தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கியவர் என்று போற்றப்படுபவர் யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா. 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைகளில் அடக்க வேண்டிய நெருக்கடி அவருடையது. புள்ளியைப் போன்ற குறிகளுக்கு 'நகரா விசை' வைப்பது அதற்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று. அந்த விசையை அழுத்தினால் குறி தாளில் விழும், வண்டி நகராது, அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் வந்து பொருந்தும். இது எளிய பொறி உத்தி போலத் தோன்றினாலும் இதில் ஓர் இலக்கண நுட்பம் இருக்கிறது. புள்ளி தனி எழுத்தன்று, மெய்யின் பகுதி என்பதை அந்தப் பொறி தன் உடம்பால் ஒப்புக்கொண்டது. தொல்காப்பியர் நூன்மரபில் சொன்னதைத்தான் அந்த இரும்பும் சொன்னது.

ஆனால் எல்லா இடத்திலும் அப்படி அமையவில்லை. 'கு' என்பதற்குத் தனி விசை. 'கா' என்பதற்கு இரண்டு விசை. 'கொ' என்பதற்கு மூன்று விசை. ஆகவே 'கு' ஓரடி நகர, 'கொ' மூன்றடி நகரும். இலக்கணத்தில் மூன்றும் ஒவ்வோர் எழுத்துதான். பொறி எண்ணியது எழுத்தை அன்று, எழுத்தின் துண்டுகளை.

சேலம், நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு என எந்த ஊரின் பேருந்து நிலையத்தைச் சுற்றி நடந்தாலும் ஒரு காலத்தில் மாடியிலிருந்து 'யளனக' என்று தொடங்கும் முதல் பாடத்தின் ஓசை கேட்கும். அரசுப் பணிக்குத் தட்டச்சுத் தேர்ச்சி ஒரு வாயில் என்பதால் நம் வட்டாரத்துப் பயிலகங்கள் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கின்றன. கோத்ரெஜ் நிறுவனம் தட்டச்சுப்பொறி உற்பத்தியை நிறுத்திய செய்தி 2011-இல் உலகெங்கும் பேசப்பட்டது. பொறி ஓய்ந்தபின்னும் அது கற்பித்த கணக்கு ஓயவில்லை. துண்டுகளாகப் பார்க்கும் அந்தப் பார்வை விசைப்பலகையிலிருந்து குறியேற்றத்துக்கு இடம் மாறியது.

இன்று நாம் பயன்படுத்தும் யூனிகோடு அட்டவணையில் உயிர்மெய்களுக்குத் தனி இடம் இல்லை. 'கி' என்பது ககரமும் இகரக் குறியும். 'கீ' என்பது ககரமும் ஈகாரக் குறியும். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. அட்டவணையின் பகுப்பில் இகரக் குறி இடம் பிடிக்கும் குறி. ஈகாரக் குறி இடம் பிடிக்காத குறி. இப்பகுப்பை அப்படியே பின்பற்றிக் கட்டம் கட்டமாக எழுத்தை அடுக்கும் மென்பொருளில் 'கி' இரண்டு கட்டமும் 'கீ' ஒரு கட்டமும் பெறுகின்றன. குறிலுக்கு இரண்டு, நெடிலுக்கு ஒன்று! மாத்திரைக் கணக்கைத் தலைகீழாக நிறுத்தினாற்போல இருக்கிறது. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் தரும் 'அனைத்து எழுத்துத் தமிழ்க் குறியேற்ற'த்தைத் தமிழக அரசு 2010-இல் யூனிகோட்டோடு சேர்த்து ஏற்றது. உலகப் புழக்கம் யூனிகோட்டின் பக்கம் போய்விட்டது. அதை இனி மாற்றுவது பற்றிப் பேசிப் பயனில்லை. குறியேற்றம் எதுவாயினும் கண்ணுக்குத் தெரியும் கட்டத்தை எழுத்துருவும் மென்பொருளும் சேர்ந்தால் சரிசெய்ய முடியும் என்பதே இங்கு முக்கியம்.

எழுத்து எது என்பதில் தமிழருக்குக் குழப்பம் இருந்ததே இல்லை. வாரப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டியை நிரப்பும் எவரும் 'கொ' என்பதை ஒரே கட்டத்தில்தான் எழுதுகிறார்கள். 'ர்' வந்தால் அதற்கும் ஒரு கட்டம் தருகிறார்கள். யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. இதன் புலமை வடிவம் சித்திரகவி. தண்டியலங்காரம் சொல்லணியில் பேசும் சருப்பதோபத்திரம், எட்டெழுத்து வரிகள் நான்கைக் கொண்டு 64 அறைகளை நிரப்பி, நான்கு திசைகளிலிருந்து படித்தாலும் அதே பாடலாக வருவது. நாகபந்தமும் மாலைமாற்றும் ஓரெழுத்துக்கு ஓரிடம் என்னும் உறுதியின்மேல் கட்டப்பட்டவை. சம அகல எழுத்து என்ற எண்ணம் நமக்கு அயலானதன்று. தட்டச்சுப்பொறி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் புலவர்கள் எழுத்துக்கு அறை வகுத்திருக்கிறார்கள். அந்த அறையில் அவர்கள் வைத்தது முழு எழுத்தை.

* * *

இனிச் சாய்வு. ஈயத்தில் அச்சுக்கோத்த காலத்தில் தமிழ் நூல்கள் சாய்வெழுத்தை நம்பி இருக்கவில்லை. மூலத்துக்குப் பெரிய எழுத்து, உரைக்குச் சிறிய எழுத்து, அழுத்தத்துக்குத் தடித்த எழுத்து, மேற்கோளுக்கு ஒற்றைக் குறி, பாடபேதத்துக்கு அடிக்குறிப்பு என்று வேறு ஏற்பாடுகள் இருந்தன. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது ஒரே பக்கத்தில் பல குரல்களைக் குழப்பமின்றி நிறுத்த அந்த ஏற்பாடுகள் போதுமானவையாக இருந்தன.

கணினி வந்ததும் ஒரு பொத்தானில் சாய்வு கிடைத்தது. இப்போது ஆங்கில ஆய்வு நெறிமுறை நூல்களைப் பின்பற்றி, நூற்பெயரெல்லாம் சாய்ந்திருக்க வேண்டும் என்பது தமிழ் ஆய்வேடுகளிலும் விதியாகிவிட்டது. தலைப்புச் சாயவில்லை என்று ஆய்வேடு திரும்பி வருவதும் உண்டு. கருத்தில் சாய்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் எழுத்தில் சாய்வு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எழுத்துருவில் சாய்ந்த வடிவம் இல்லாதபோது மென்பொருள் நிமிர்ந்த எழுத்தைப் பிடித்து ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகிறது. அதைப் பொய்ச்சாய்வு என்று சொல்வதே பொருத்தம். வட்டமான புள்ளி நீள்வட்டமாகிறது. கொம்பின் சுழி நசுங்குகிறது. ஏற்கனவே ஒன்றையொன்று ஒத்த காலும் ரகரமும் இன்னும் நெருங்குகின்றன. இகரக் குறியின் மேல்வளைவு அடுத்த எழுத்தின் தலைக்கு மேல் போய் நிற்கிறது. மேற்கோளைத் தெளிவாக்க வந்த சாய்வு, மேற்கோளைப் படிக்க முடியாததாக்குகிறது.

உண்மையான சாய்வைப் பார்க்க வேண்டுமானால் நாமக்கல்லுக்கு வரலாம். லாரிகளுக்குக் கூடு கட்டும் பட்டறைகளில் வண்டியின் நெற்றியிலும் பக்கப் பலகையிலும் பெயர் எழுதும் ஓவியர்கள் எழுத்தை இழுத்துத் தள்ளுவதில்லை, சாய்த்தே எழுதுகிறார்கள். கோடு எங்கே மெலிய வேண்டும், வளைவு எங்கே விரிய வேண்டும், புள்ளி எங்கே உட்கார வேண்டும் என்பதைத் தூரிகை அந்தந்த எழுத்துக்குத் தனித்தனியாகத் தீர்மானிக்கிறது. வேகத்தைச் சொல்ல வந்த சாய்வு அது. ஆனால் எழுத்து சிதைவதில்லை. தூரத்திலிருந்து ஓட்டுநர் படிக்க முடியாத எழுத்தை எந்த முதலாளியும் ஏற்கமாட்டார் என்பதும் ஒரு காரணம்.

கணினியிலும் இவ்வகை முயற்சிகள் இல்லாமல் இல்லை. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவனார்' சாய்ந்த கையெழுத்துச் சாயல் கொண்டது. கூகுளின் 'நோட்டோ செரிஃப் தமிழ்' குடும்பத்திலும் சாய்ந்த வடிவம் உண்டு. மெலிவைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் நன்று. பிரியா ரவிச்சந்திரனின் 'கட்டுமரன்' ஒன்பது கனங்களிலும், ஏக் டைப் நிறுவனத்தின் 'முக்தா மலர்' ஏழு கனங்களிலும் கிடைக்கின்றன. அதே நிறுவனம் 2022-இல் வெளியிட்ட 'அனேக் தமிழ்' அகலத்தையும் கூட்டவும் குறைக்கவும் இடம் தருகிறது. இவ்வளவு இருந்தும் 'நோட்டோ சான்ஸ் மோனோ' என்னும் சம அகல எழுத்துருவில் தமிழ் இல்லை. மெலிவு ஓரிடத்தில், சாய்வு ஓரிடத்தில், அகலம் ஓரிடத்தில் என்று சிதறிக் கிடக்கின்றன. மூன்றும் ஒன்றாகச் சேர வேண்டிய தேவை என்ன என்று கேட்பவருக்கு நம் விடை பின்வருவது.

* * *

தமிழில் சம அகலம் கடினமாவதற்குக் காரணம் எழுத்துகளிடையே உள்ள அகல வேறுபாடு. ரகரத்தையும் 'ஞௌ'வையும் ஒரே அறையில் வைக்க வேண்டும் என்றால் முன்னது காற்றில் நிற்கும். பின்னது மூச்சுத் திணறும். தடித்த கோட்டில் அதை நெருக்கினால் சுழிகள் அடைபட்டு மையாகிவிடும். கோட்டை மெலியவிட்டால் சுழிக்குள் வெளிச்சம் மிஞ்சும். இங்கே மெலிவு அழகுக்காக அன்று, இடத்துக்காக. சாய்வும் அப்படியே. ஆல்டஸின் காலத்திலிருந்தே கையெழுத்து வழிவந்த சாய்வெழுத்து நிமிர்ந்த எழுத்தைவிட ஒடுக்கமானது. தமிழ்க் கையெழுத்திலும் விரைந்து எழுதும்போது கொம்பும் காலும் எழுத்தோடு ஒட்டி உள்வாங்கிக்கொள்வதைக் காணலாம். ஆகவே தமிழில் இம்மூன்று பண்புகளும் மூன்று அலங்காரங்களாக நிற்பதில்லை. சம அகலம் எழுப்பும் சிக்கலுக்கு மெலிவும் சாய்வும் சேர்ந்து விடை தருகின்றன.

மெலிந்த கோடு நம் எழுத்துக்குப் புதிதும் அன்று. எழுத்தாணி ஓலையில் கீறும் கோடு எங்கும் ஒரே மெலிவுடையது. தடித்தும் மெலிந்தும் மாறும் கோடு பேனா முனையின் வழக்கம். எழுத்தாணிக்கு அது தெரியாது. ஓலையில் கிழிந்துவிடும் என்றஞ்சிப் புள்ளியைக்கூட விட்டுவிட்டார்கள். அச்சு வந்தபின் புள்ளி நிலைபெற்றது. இன்று மெலிந்த எழுத்துருவைச் சிறிய அளவில் மட்டமான தாளில் அச்சிட்டால் அந்தப் புள்ளி மறுபடியும் காணாமற்போகும். எனவே மெலிந்த தமிழ் எழுத்துருவில் கோடு மெலியலாம், புள்ளி மெலியக்கூடாது. இது வடிவமைப்பாளரிடம் நாம் வைக்கும் முதல் வேண்டுகோள்.

இனிப் பயன். கட்டளைக் கலித்துறையை எடுத்துக்கொள்வோம். நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கி 16 எழுத்து. நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்து. அபிராமி அந்தாதியும், திருச்செங்கோட்டு முருகனையும் பாடும் கந்தரலங்காரமும் இந்த யாப்பில் அமைந்தவை. வகுப்பறையில் இதைக் கற்பிக்கும்போது மாணவர்கள் விரல்விட்டு எண்ணுகிறார்கள். ஒற்றையும் சேர்த்து எண்ணிவிட்டுத் திரும்பத் தொடங்குகிறார்கள். அச்சில் உள்ள பாடலோ அவர்களுக்கு உதவுவதில்லை. ஒரே எண்ணிக்கையுள்ள இரண்டு அடிகள் வெவ்வேறு நீளத்தில் நிற்கின்றன.

இதையே முறையான சம அகலத் தமிழ் எழுத்துருவில் அமைத்துப் பார்ப்போம். உயிருக்கும் உயிர்மெய்க்கும் ஓர் அறை. மெய்க்கு அரை அறை. அதற்கு அரை மாத்திரை என்ற இலக்கணத்துக்கும் இது ஒத்துவரும். நெடிலுக்கு இரண்டு மாத்திரையாயிற்றே என்று கேட்டால், எழுத்தெண்ணும் யாப்பில் குறிலும் நெடிலும் ஒவ்வொன்றாகவே எண்ணப்படும் என்பதால் அதற்கு ஓர் அறையே போதும். எண்ண வேண்டிய எழுத்துகள் நிமிர்ந்து நிற்கட்டும். எண்ண வேண்டாத ஒற்றுகள் மெலிந்து சாய்ந்து ஒதுங்கட்டும். அடியைப் பார்த்தவுடன் கண்ணே எண்ணிவிடும். ஐ.பி.எம். உருண்டை அலுவலகக் கடிதத்துக்குச் செய்ததையும் நிரலாளர் தம் குறிப்புகளுக்குச் செய்வதையும்விட இது பொருத்தமான பயன் என்று நாம் கருதுகிறோம். இங்கே சாய்வுக்கு இலக்கணக் காரணம் இருக்கிறது.

இரண்டாவது பயன் பதிப்புத் துறையில். ஓலையில் இல்லாத புள்ளியைப் பதிப்பாசிரியர் இடுகிறார். சிதைந்த இடத்தில் ஊகித்து ஓர் எழுத்தைச் சேர்க்கிறார். ஓலை சொன்னது எது, பதிப்பாசிரியர் சொன்னது எது என்பது அச்சில் பெரும்பாலும் தெரிவதில்லை. ஓலையின் எழுத்து நிமிர்ந்தும், ஊகத்தின் எழுத்து மெலிந்து சாய்ந்தும் இருந்தால் வாசகர் இரண்டையும் பிரித்தறியலாம். அகலம் ஒன்றே என்பதால் ஒரு சுவடியின் வரிக்குக் கீழ் இன்னொரு சுவடியின் வரியை எழுத்துக்கு எழுத்து நேராக வைத்துப் பாடபேதத்தை ஒப்பிடலாம்.

மூன்றாவது கல்வெட்டு. நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூர்ப் பக்கம் நின்று காவிரிக்கு அப்பால் பார்த்தால் கரூர் மாவட்டத்துப் புகளூர். அங்குள்ள ஆறுநாட்டார் மலைத் தமிழ் பிராமிக் கல்வெட்டு சேரர் மூன்று தலைமுறையினரின் பெயரைச் சொல்வதை 1965-இல் ஐராவதம் மகாதேவன் படித்துக் காட்டினார். பதிற்றுப்பத்தின் அரசர்களைக் கல்லின்மேல் நிறுத்தியது அந்த வாசிப்பு. அத்தகைய கல்வெட்டை மாணவருக்குக் காட்டும்போது மேல்வரியில் பிராமி, நடுவரியில் எழுத்துப்பெயர்ப்பு, கீழ்வரியில் இன்றைய வடிவம் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்க வேண்டும். எழுத்துக்கு அறை இல்லாத எழுத்துருவில் மூன்று வரிகளும் மூன்று பக்கம் இழுத்துக்கொண்டு போகின்றன.

நான்காவதாக, தமிழிலேயே நிரல் எழுதுவோர். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' போன்ற தமிழ் நிரல்மொழிகள் வந்துவிட்டன. நிரலுக்கு நேர்வரிசை உயிர். கட்டத்தில் நிற்காத தமிழை வைத்துக்கொண்டு அவர்கள் இயங்க வேண்டியிருக்கிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு. நூல் முழுவதையும் சம அகலத்தில் அச்சிட்டால் படிக்கக் கண் கூசும் என்பது முதல் மறுப்பு. முற்றிலும் உண்மை. நாவலுக்கோ கவிதைத் தொகுப்புக்கோ நாம் இதைப் பரிந்துரைக்கவில்லை. இது ஒரு கருவி எழுத்து. தச்சர் ரசமட்டத்தைச் சுவரில் மாட்டி அழகு பார்ப்பதில்லை என்பதற்காக ரசமட்டம் வேண்டாம் என்றாகாது. எழுத்தை அறைக்குள் அடைத்தால் அதன் இயல்பான வளம் கெடும் என்பது இரண்டாம் மறுப்பு. இளம்பிள்ளையில் சேலைக்கு வடிவம் வரைபவர்கள் கொடியையும் மயிலையும் கிராஃப் தாளின் சதுரங்களில்தான் வரைகிறார்கள். சாய்ந்த கோடு அங்கே படிக்கட்டாகத்தான் விழும். ஆயினும் நெய்த சேலையில் மயிலைப் பார்ப்பவருக்குப் படிக்கட்டு தெரிவதில்லை. கட்டத்தின் கண்டிப்பைத் தெரிந்தவர் கையில் வளைவு பிழைத்துக்கொள்கிறது.

தமிழ் எழுத்தைப் பொறிக்காக வளைப்பதா என்பது மூன்றாம் மறுப்பு, கனமானதும் இதுதான். பெரியார் 1935-இல் ஈரோட்டிலிருந்து வெளிவந்த குடி அரசு ஏட்டில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோதும், 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு அதை ஏற்று 'ணா', 'லை' முதலான 13 எழுத்துகளின் வடிவை மாற்றியபோதும், அச்சுக்கோப்பும் தட்டச்சும் எளிதாகும் என்பது முன்வைக்கப்பட்ட காரணங்களுள் ஒன்று. அன்று பொறிக்காக எழுத்து வளைந்தது. அதில் நன்மையும் இருந்தது. இன்று நிலைமை வேறு. கணினி எந்த வடிவத்தையும் ஏந்த வல்லது. இனி எழுத்துக்காகப் பொறிதான் வளைய வேண்டும். நாம் கேட்பது தமிழின் ஓர் எழுத்தையும் மாற்றுவதற்கு அன்று. தமிழ் எதை எழுத்து என்று சொல்கிறதோ அதையே கணினியும் ஒன்று என்று எண்ண வேண்டும் என்பதற்கு.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் நூற்பெயர்களைச் சாய்க்க வேண்டும் என்ற விதியை எடுத்துவிட்டு, ஒற்றை மேற்கோள் குறியையோ தடித்த எழுத்தையோ ஏற்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற அரசு நிறுவனங்கள், விளம்பரத் தட்டிகளுக்குப் பயன்படும் எழுத்துருக்கள் போதிய அளவில் இருப்பதால், யாப்புக்கும் பதிப்புக்கும் பயன்படும் சம அகல எழுத்துருக் குடும்பம் ஒன்றை, மெலிந்த நிமிர்வும் மெலிந்த சாய்வும் கொண்டதாக, செய்வித்து இலவசமாக வழங்கலாம். வடிவமைப்பாளர்கள் அந்தச் சாய்வை ரோமன் எழுத்தின் சாய்விலிருந்து எடுக்காமல், ஓலைச்சுவடியையும் பழைய கணக்கேடுகளையும் நாமக்கல் லாரிப் பட்டறையையும் பார்த்து எடுக்கலாம். அந்தப் பணியில் எழுத்துரு வரைபவர் பக்கத்தில் யாப்புத் தெரிந்த ஒருவரும் உட்கார வேண்டும். எந்த எழுத்து நிற்க வேண்டும், எது சாயலாம் என்று சொல்ல வேண்டியவர் அவர்தான்.